அப்பாவின் பணம், அப்பாவின் கையொப்பம்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு குடும்பத்தாரிடம் எதிர்காலத்திற்கு என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், விடை ஏதாவது ஒரு பொருளின் பெயராகவே வரும்: சீட்டு, பாலிசி, நகை, விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டம். நிதித் திட்டமிடலைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இந்தப் பெயர்களைக் கடைசியில்தான் கையில் எடுக்கிறார்கள் என்பதும், அதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் முற்றிலும் வேறு என்பதும் எனக்குத் தெரியவந்தது 2022-க்குப் பிறகுதான். அதை நான் படிப்பாகத் தொடங்கவில்லை. கையில் பணமில்லாமல், ஆனால் வீட்டில் பணம் இருந்தும், மருத்துவமனைக் கட்டணக் கவுண்டரில் நின்றதால் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த நிலைக்கு இன்னொருவர் வராமல் இருக்கட்டும் என்பதற்காக, தொகைகளை மறைக்காமல் எழுதுகிறேன்.

குலசேகரத்திற்கு அருகே ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளையும் ஒரு வீடும் அப்பாவின் சொத்து. நான் ஒரே மகள். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. கணவர் மஸ்கட்டில். 2022 ஜூன் மழையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலற்றுப்போனது, பேச்சும் போயிற்று. நாகர்கோவிலில் முதல் சிகிச்சை, பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. மொத்தச் செலவு 6,40,000 ரூபாய். அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு வங்கியில் 7,50,000 ரூபாய் வைப்புத்தொகை இருந்தது. அலமாரியில் அதன் ரசீதை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். நாமினி இடத்தில் அம்மாவின் பெயர் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த ரசீதோடு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாமினிக்கு உரிமை கணக்குதாரர் இறந்த பிறகுதான், உயிரோடு இருக்கும்போது அவருடைய கையொப்பம் வேண்டும் என்றார். அவர் சொன்னது சரியான விதி. ஆனால் அந்த வாக்கியத்தை அம்மாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன்.

ஆகவே கடன் வாங்கினோம். என் சேமிப்பு 1,10,000, கணவர் அனுப்பியது 1,50,000, அம்மாவின் நகையை அடகு வைத்தது 1,80,000, மீதி 2,00,000 நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குத் தனியாரிடம். அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். நகைக்கடன் ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டுக்குமாக மாதம் 5,800 ரூபாய் வட்டி போய்க்கொண்டிருந்தபோது, அப்பாவின் 7,50,000 ரூபாய் ஐந்தரை சதவீதத்திற்கு வங்கியில் படுத்திருந்தது. அடுத்த ஏப்ரலில்தான் அது கைக்கு வந்தது. அதற்குள் வட்டியாக மட்டும் 58,000 ரூபாய் போய்விட்டது. கடன் வாங்கிய அவமானம் ஒரு பக்கம் இருக்க, அப்பாவின் மேல் எனக்குக் கோபமும் வந்தது. படுக்கையில் கிடக்கிறவர் மேல் கோபப்படுகிறோமே என்ற குற்றவுணர்வு அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் மக்களே, எனக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பாவுக்கு நினைவு திரும்பி, சொல்வதைப் புரிந்துகொண்டு தலையசைக்கத் தொடங்கிய பிறகும் வங்கியில் கையொப்பத்தைத்தான் கேட்டார்கள். எங்கள் தேவாலயச் சபையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்தான் வழி சொன்னார். நோயுற்று நடமாட முடியாத கணக்குதாரரின் பெருவிரல் ரேகையையோ, அதுவும் இயலாவிட்டால் ஓர் அடையாளக் குறியையோ வங்கி ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களுள் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்ததும் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டிற்கே வந்து ரேகை வாங்கிச் சென்றார். வாயால் கேட்டபோது மாதக்கணக்கில் நகராத காரியம், எழுத்தில் கேட்டபோது அதே மாதத்தில் முடிந்தது. வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ எதைக் கேட்பதானாலும் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் புரிதல் திரும்பாமல் போயிருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். அதிகாரப் பத்திரம் எழுதி வைத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பத்திரம் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்தால் அந்தப் பத்திரமே முடிவுக்கு வந்துவிடும். தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. நினைவற்றுக் கிடப்பவருக்கு உயர்நீதிமன்றத்திற்குப் போய்ப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கும். எளிய பரிகாரம், கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் கணக்கை வைத்திருப்பது. வைப்புத்தொகையாக இருந்தால் அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: முதிர்வுக்கு முன்பே எடுப்பதென்றால் இருவர் கையொப்பமும் கேட்கப்படலாம். எனவே ஒருவரே எடுக்கலாம் என்ற எழுத்து ஒப்புதலைக் கணக்குத் தொடங்கும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். இதை எந்த விற்பனையாளரும் சொல்லித் தரமாட்டார், ஏனென்றால் இதில் விற்க ஒன்றுமில்லை.

அலமாரியைக் கிளறியபோது வந்தவை இன்னும் அதிகம். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கட்டி விற்கும் எண்டோமென்ட் பாலிசிகள் ஐந்து. ஆண்டு பிரீமியம் மொத்தம் 96,000 ரூபாய், ஆயுள் பாதுகாப்பு மொத்தம் 9,00,000 ரூபாய் மட்டுமே. ஒன்று உறவினரிடம் எடுத்தது, ஒன்று சபையில் தெரிந்தவரிடம், ஒன்று வங்கியில் வற்புறுத்தியதால். மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஒரு பாலிசியின் தவணை நாளும், அதன்பின் வரும் 30 நாள் சலுகைக் காலமும் கடந்துபோயின. புதுப்பிக்கலாம் என்றார்கள், ஆனால் அதற்கு உடல்நலச் சான்று கேட்டார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அதை எங்கே போய் வாங்குவது? அது பிரீமியம் கட்டாத, குறைந்த தொகைப் பாலிசியாக மாறி நின்றுவிட்டது. கடைசியாக ஒரு பாஸ்புத்தகம் கிடைத்தது: உள்ளூர் நிதி நிறுவனம் ஒன்றில் 15 சதவீத வட்டிக்கு 3,00,000 ரூபாய். நிறுவனம் அதற்குள் மூடப்பட்டிருந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997-இன் கீழ் வழக்கு மதுரையில் நடக்கிறது. ஒரு ரூபாயும் இதுவரை வரவில்லை. வங்கி வைப்புகளுக்கு, கூட்டுறவு வங்கிகள் உட்பட, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களில் போட்டதற்கு எதுவும் இல்லை. பணம் திரட்டும் ஒரு நிறுவனத்திற்கு அந்த அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம், புகாரும் செய்யலாம்.

அப்பாவைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனதைக் கண்டவர் அவர். விலை இறங்கும் எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. 'உறுதி' என்று எழுதியிருந்த எல்லாவற்றின்மேலும் நம்பிக்கை வைத்தார்.

கடன்கள் அடைந்த பிறகு, இரவுகளில் படிக்கத் தொடங்கினேன். முதலீட்டு ஆலோசகர்களுக்கான தேர்வுகளை நடத்தும் தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம்.-இன் பாடநூல்களே எனக்குத் தொடக்கம். தேர்வு எழுதி ஆலோசகராகும் எண்ணமில்லை. தொழிலாகச் செய்கிறவர்கள் என்ன வரிசையில் யோசிக்கிறார்கள் என்று அறிந்தால் போதும் என்றிருந்தது. முதலில் ஆலோசகருக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவையும் கட்டணத்தையும் வரையறுப்பது, பிறகு விவரங்களைத் திரட்டுவது, பிறகு நிலைமையை ஆராய்வது, பிறகே பரிந்துரை, அதை நிறைவேற்றுவது, கடைசியில் காலந்தோறும் மறுபரிசீலனை. எங்கள் வீட்டிற்கு வந்துபோன ஏஜெண்டுகள் எல்லோரும் நான்காவது படியிலிருந்தே பேசத் தொடங்கியவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

விவரம் திரட்டுவது என்றால் முதலில் இரண்டு தாள்கள். ஒன்றில் சொத்தும் கடனும். மற்றொன்றில் வரவும் செலவும். முதல் தாளை நான் எழுதியபோது கண்ணில் பட்டது, எங்கள் சொத்தின் பெரும்பகுதி விளையும் வீடுமாக இருந்தது. மதிப்பு பெரிது, ஆனால் ஒரு வாரத்தில் பணமாக்கக்கூடியது அதில் ஒன்றுமில்லை. எனவே ஒவ்வொரு சொத்தின் எதிரிலும் மதிப்போடு வேறு இரண்டு விவரங்களையும் எழுதினேன்: எத்தனை நாளில் பணமாகும், யாருடைய கையொப்பம் வேண்டும். பாடநூலில் இல்லாத அந்தக் கடைசி விவரம் எங்கள் வீட்டுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இந்தத் தாளை எழுதிப் பார்த்தால், ஒரே ஒருவரின் கையொப்பத்தில் எவ்வளவு முடங்கிக் கிடக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

வரவு செலவுத் தாளில் வேறொரு சிக்கல் இருந்தது. மூன்று முதல் ஆறு மாதச் செலவை அவசர நிதியாக வைக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அது மாதச் சம்பளக்காரருக்கான கணக்கு. ரப்பரில் தை, மாசியில் இலை உதிர்ந்தால் பால் வெட்டு நிற்கும். குமரி மாவட்டத்திற்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மழை மறைப்பு கட்டாத மரங்களில் அப்போதும் பல நாட்கள் வெட்ட முடியாது. பின்னாளில் நான் கட்டணம் கொடுத்து ஆலோசனை பெற்ற பெருநகர ஆலோசகரும் ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தே தொடங்கினார். இலை உதிர்வை நான் விளக்கிய பிறகே தன் கணக்கை மாற்றினார். எங்களுக்கு ஓராண்டுச் செலவு என்று முடிவாயிற்று. மீன்பிடித் தடைக்காலம் உள்ள கடற்கரைக் குடும்பங்களும் இப்படித் தங்கள் ஆண்டைத் தாங்களே வரைந்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகுதான் காப்பீடு. எண்டோமென்ட் பாலிசியின் உண்மை வருமானத்தை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 40,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால் கட்டிய தொகை 6,00,000. முதிர்வில் வருவது 8,50,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் லாபம் என்று ஏஜெண்டு சொல்வார். எந்தப் பணம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய நாலேகால் சதவீதம்தான் தேறுகிறது. கைபேசியில் உள்ள கணக்குத்தாள் செயலியிலேயே இதைப் போட்டுப் பார்த்துவிடலாம். பாதுகாப்பு எவ்வளவு வேண்டும் என்பதையும் பிரீமியத்திலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும். எங்கள் மாதச் செலவு 35,000 ரூபாய், ஆண்டுக்கு 4,20,000. விலைவாசி உயர்வும் முதலீட்டு வருமானமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதாக எளிமையாகக் கொண்டால், இருபது ஆண்டுகளுக்கு 84 லட்சம். வீட்டுக்கடன் 12 லட்சம். ஆக ஏறத்தாழ ஒரு கோடி. கணவருக்கு அந்தத் தொகைக்கு டெர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் பாதுகாப்பு, எடுத்தோம். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடும், கடன்காரர்கள் அதைக் கோர முடியாது. விண்ணப்பத்திலேயே இதைக் குறிக்க வேண்டும்; பிறகு சேர்க்க முடியாது. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 30 நாளை விற்றவரிடம் விளக்கம் கேட்பதில் கழிக்காமல் பத்திரத்தைப் படிப்பதில் கழியுங்கள். மருத்துவக் காப்பீட்டை நோய் வருமுன் எடுக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்பதால், பெற்றோருக்கு எடுப்பதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அந்த மூன்று ஆண்டுகளையும் தள்ளிப்போடுகிறது.

ஆலோசகரைத் தேடியதிலும் ஒரு பாடம் உண்டு. இலவசமாகத் திட்டம் போட்டுத் தருகிறேன் என்று வந்தவர், அழகாக அச்சிட்ட பல பக்க அறிக்கையின் முடிவில் இரண்டு பாலிசிகளை வைத்திருந்தார். அவர் செய்தது சட்டவிரோதம் அல்ல, விற்பனை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் தனி வகை: அவருடைய பதிவு எண் 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கும். நம்மிடம் கட்டணம் வாங்குவார், நமக்குப் பரிந்துரைக்கும் பொருளுக்கு நிறுவனத்திடம் கமிஷன் வாங்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டு விற்பனையாளருக்கு 'ஏ.ஆர்.என்.' எண் இருக்கும். அவருக்குக் கமிஷன் உண்டு. அப்படிப் பதிவுபெற்ற ஓர் ஆலோசகரின் எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே நான் அவரோடு காணொளி அழைப்பில் பேசினேன். கட்டணம் 18,000 ரூபாய் என்றபோது வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் அப்பா ஓராண்டில் கட்டிய பிரீமியத்தில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் சந்திப்பு முழுவதும் அவர் ஒரு ஃபண்டின் பெயரையும் சொல்லவில்லை. என் கணவர் வெளிநாட்டில் இருந்துகொண்டே சாதாரணச் சேமிப்புக் கணக்கை இயக்குவதைக் கண்டுபிடித்து, அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொன்னதுதான் அவருடைய முதல் அறிவுரை. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைச் செய்யாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

கடன் அடைத்தது போக மீந்ததில் 3,50,000 ரூபாயை, அப்பா முதல் பெயரும் அம்மா இணைப் பெயருமாக, அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அப்போதைய வட்டி 8.2 சதவீதம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,175 ரூபாய் வருகிறது, அது அம்மாவின் கைக்குப் போகிறது. என் மகளின் படிப்புக்கான தொகையை மட்டும், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டில் மாதந்தோறும் போடுகிறேன், ஏனென்றால் அதற்கு இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது; மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் எதையும் அங்கே போடவில்லை.

உயில் பற்றி எங்கள் வீட்டில் பேசியபோது அம்மா அழுதார். சாவைப் பற்றிய பேச்சாகவே அவருக்கு அது பட்டது. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், உயில் இல்லாவிட்டால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் போகும். வசிக்கும் வீட்டிலேயே அம்மா சிறுபான்மைப் பங்குதாரராகிவிடுவார். ஆகவே வீடு முழுவதும் அம்மாவுக்கு என்று அப்பா உயில் எழுதினார். ரேகை வைத்தார், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், அவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்றும் வாங்கினோம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, நாங்கள் செய்தோம். சகோதரர்கள் உள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை: 1956 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்ததால், மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்ற 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நினைவு சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்துவிட்டது. சீதனம் வாங்கியாயிற்றே என்று சொல்லி நீட்டப்படும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது எங்கள் தாளில் மீதமிருக்கும் பெரிய கேள்வி விளைதான். மரங்களுக்கு வயதாகிவிட்டது, பால் குறைந்துவிட்டது. முறித்து விற்றால் மரத்துக்குப் பணம் வரும், ஆனால் புதிய கன்று நட்டால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பால் வருமானம் இருக்காது. அந்த ஆண்டுகளில் ஊடுபயிராக வாழையும் அன்னாசியும் எவ்வளவு தரும், அப்பாவின் மருந்துச் செலவு எவ்வளவு உயரும், மரம் விற்ற பணத்தில் எவ்வளவை எங்கே நிறுத்தினால் ஏழு ஆண்டும் ஓடும் என்பதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விளையை விற்றுவிடலாம் என்று கணவர் சொல்கிறார்; அப்பா தலையை இடவலமாக அசைக்கிறார். மர வியாபாரி மழை ஓய்ந்த பிறகு வந்து விலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.